மெழுகுவர்த்தித் திரி: தேர்வு முதல் சோதனை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

மெழுகுவர்த்தி புகைந்தாலும் ஒழுகினாலும் பாதியில் அணைந்தாலும் பழி மெழுகின் மேல்தான் விழும். ‘கலப்பட மெழுகு’ என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு அடுத்த பாக்கெட்டை வேறு கடையில் வாங்குவோம். பெரும்பாலும் குற்றவாளி நடுவில் நிற்கிற நூல்தான். நல்ல மெழுகில் தப்பான திரி போட்டால் வீண். சுமாரான மெழுகில் பொருத்தமான திரி போட்டால் ஓரளவு ஒழுங்காகவே எரியும்.

கல்லறைத் திருநாளுக்கும் கிறிஸ்துமஸுக்கும் வீட்டிலேயே மெழுகுவர்த்தி ஊற்றுகிறவர்கள், சுய உதவிக் குழுவில் சேர்ந்து சிறு அளவில் விற்கிறவர்கள், கடையில் வாங்கி ஏற்றுவதோடு சரி என்கிறவர்கள் மூவரையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஊற்றாதவர்கள் நடுவில் உள்ள படிகளைத் தாண்டிப் போகலாம். ஆனால் முதல் படியைத் தாண்ட வேண்டாம்.

படி 1: எரிவது எது என்று கண்ணால் பாருங்கள்

மின்விசிறியை நிறுத்திவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை ஐந்து நிமிடம் எரிய விடுங்கள். எரிகிற தீக்குச்சி ஒன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு சுடரை மெதுவாக ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளையாக ஒரு புகைக்கோடு எழும்பும். அந்தக் கோட்டில், திரிக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் மேலேயே, தீக்குச்சியைக் காட்டுங்கள். நெருப்பு புகை வழியாகக் கீழே இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். திரியைக் குச்சி தொடவே இல்லை.

அந்த வெள்ளைப் புகை மெழுகின் ஆவி. மெழுகுவர்த்தியில் எரிகிற எரிபொருள் அதுதான். சுடரின் சூடு மேல்மெழுகை உருக்குகிறது. உருகியது நூலிழைகளுக்கு இடையே உள்ள நுண்ணிய சந்துகள் வழியே, நுண்துளை ஈர்ப்பால், தானாகவே மேலே ஏறுகிறது. மேலே போனதும் ஆவியாகி, காற்றோடு கலந்து எரிகிறது. அந்தச் சூடு மறுபடி மெழுகை உருக்குகிறது. இந்தச் சுற்று நடக்கிற வரை சுடர் நிற்கும்.

அப்படியானால் திரி ஏன் உடனே சாம்பலாவதில்லை? ஏறி வரும் மெழுகு ஆவியாகும்போது திரியின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அந்தக் குளிர்ச்சியில் நூல் தப்பிக்கிறது. மெழுகு வந்து சேராத நுனி மட்டும் சிவந்து கருகும். 1860 டிசம்பரில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு மெழுகுவர்த்தியை மட்டுமே வைத்துத் தொடர் சொற்பொழிவு நிகழ்த்தினார். ஓரம் உயர்ந்து நடுவில் மெழுகு கிண்ணம் போல் தேங்கி நிற்பது ஏன் என்பதையும் அதில் விளக்கினார். சூட்டில் மேலே எழும் காற்று பக்கத்திலிருந்து புதுக்காற்றை இழுக்கிறது. அந்தக் காற்று உரசிப் போவதால் விளிம்பு குளிர்ந்து கெட்டியாகவே நிற்கிறது. விளிம்பு நிற்பதால் உருகிய மெழுகு வெளியே வழிவதில்லை.

அகல் விளக்குக்கும் இதே கதைதான். திருவண்ணாமலையில், மலை உச்சிக் கொப்பரையில் காடாத்துணித் திரி நெய்யை உறிஞ்சுவதும் இந்த ஈர்ப்பினால்தான். ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணெயும் உருக்கிய நெய்யும் ஏற்கெனவே நீர்மம். மெழுகைச் சுடரே உருக்கிக்கொள்ள வேண்டும். அதனால் மெழுகுவர்த்தியில் திரியின் பருமன் ரொம்ப முக்கியம். கேஸ் அடுப்பில் திருகு செய்கிற வேலையை இங்கே திரி செய்கிறது. ஒரே வித்தியாசம், ஊற்றி முடித்த பிறகு இந்தத் திருகைத் திருப்ப முடியாது.

படி 2: கையில் இருப்பது என்ன திரி?

வெறும் முறுக்கு நூல்தான் பழைய வகை. எரிய எரிய அது நிமிர்ந்தே நிற்கும். நுனி சுடருக்குள்ளேயே இருப்பதால் காற்று படாமல் கரி சேரும். ஐரோப்பாவில் அந்தக் காலத்தில் கரித்திரியைக் கத்தரிக்கவே தனியாகக் கத்தரிக்கோல் வைத்திருந்தார்கள். 1820-களில் பிரான்சில் கம்பசெரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவந்தார். பின்னலில் இழுவிசை ஒரு பக்கம் கூடுதலாக இருப்பதால் எரியும்போது திரி வளைகிறது. வளைந்த நுனி சுடரின் வெளி ஓரத்துக்குப் போகிறது. அங்கே சூடும் அதிகம், காற்றும் உண்டு. நுனி தானாக எரிந்து தீர்ந்துவிடும். அடுத்த முறை ஏற்றும்போது உற்றுப் பாருங்கள்: திரி ஒரு பக்கமாக வளைந்து, வளைவின் முனையில் மட்டும் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தால் அது நல்ல பின்னல்.

இன்று கிடைப்பவற்றில் தட்டைப் பின்னல் மெல்லிய மெழுகுவர்த்திகளுக்கும், சதுரப் பின்னல் தடித்த தூண் வகைக்கும் தேன்மெழுகுக்கும் சரி. உள்ளே பருத்தி, காகிதம் அல்லது துத்தநாகக் கம்பி வைத்த திரிகள் கண்ணாடி ஜாருக்கு. ஜாரில் மெழுகு முழுவதும் உருகி நிற்கும்போது துவளாமல் நிற்க அந்த உள்தண்டு வேண்டும். மெல்லிய மரச்சீவல் திரியும் வந்திருக்கிறது. படபடவென்று சத்தம் கேட்கும், அழகாக இருக்கும், அவ்வளவுதான்.

எங்கிருந்து வந்தது என்று தெரியாத கம்பித் திரி கையில் கிடைத்தால் கம்பி நுனியை வெள்ளைத்தாளில் தேயுங்கள். பென்சில் கோடு போலச் சாம்பல் நிறத்தில் விழுந்தால் ஈயமாக இருக்கலாம். தூக்கிப் போடுங்கள். ஈயக் கம்பித் திரியை அமெரிக்கா 2003-இல் தடை செய்தது. எரியும்போது ஈயம் காற்றில் கலக்கும் என்பதுதான் காரணம்.

படி 3: வீட்டில் திரி பின்னுவது

நூல் நூற்றுக்கு நூறு பருத்தியாக இருக்க வேண்டும், சாயம் ஏறாததாக இருக்க வேண்டும். குடியாத்தம் பக்கம் லுங்கி நெய்கிற வீடுகளில் தெரிந்தவர் இருந்தால் சாயம் போடாத வெள்ளை நூல் கேட்டுப் பாருங்கள். கடையில் வாங்குவதானால் ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். பருத்தி காகிதம் எரிகிற வாடையோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பாலியஸ்டர் கலந்திருந்தால் உருகிச் சுருண்டு, ஆறியதும் கறுப்பு மணி மாதிரி கெட்டியாகிவிடும். அது திரிக்கு ஆகாது. உருகிப்போன இழை எதையும் உறிஞ்சாது.

நூலை மூன்று புரியாகப் பிரித்து, தலைமுடி பின்னுவது போலவே பின்னலாம். இறுக்கம் முதல் முழம் தொடங்கி கடைசி முழம் வரை ஒரே மாதிரி இருக்கட்டும். ரொம்ப இறுக்கினால் சந்துகள் அடைபட்டு மெழுகு ஏறாது. தளர்வாக விட்டால் அளவுக்கு மேல் ஏறிப் புகையும். ஒரே திரியில் இரண்டும் கலந்திருந்தால் சுடர் அரை மணிக்கு ஒரு குணம் காட்டும்.

பின்னிய திரியை வெண்காரத் (போராக்ஸ்) தண்ணீரில் ஊறவைக்க வேண்டும். நாட்டு மருந்துக் கடையில் பொரிக்காத வெண்காரம் கேளுங்கள். ஒன்றரைக் கப் வெந்நீரில் இரண்டு மேசைக்கரண்டி வெண்காரத்தூளும் ஒரு மேசைக்கரண்டி உப்பும் கரைத்து, திரியை அதில் ஒரு இரவு முழுக்க விடுங்கள். அந்தப் பாத்திரத்தைப் பிறகு சமையலுக்கு எடுக்க வேண்டாம், குழந்தைகள் கைக்கும் எட்ட வேண்டாம். வெண்காரம் நூல் மளமளவென்று எரிந்து போவதைத் தடுக்கும். சாம்பலையும் எலும்புக்கூடு மாதிரி நிற்கவிடாமல் உருக்கிச் சிறு கண்ணாடித் துளியாக்கிவிடும். ஊதி அணைத்த பிறகு திரி நெடுநேரம் கனன்றுகொண்டிருப்பதும் குறையும்.

அப்புறம் காயவைப்பது. இதில் அவசரம் கூடாது. ஈரத்திரி மெழுகுக்குள் போனால் எரியும்போது சடசடவென்று பொரியும், சுடர் துள்ளும். சித்திரை வெயிலில் வேலூர் மொட்டை மாடியில் ஒரே பகலில் மொறமொறவென்று காய்ந்துவிடும். ஐப்பசி மழையில் இரண்டு மூன்று நாள் ஆனாலும் பொறுக்க வேண்டும். கல்லறைத் திருநாள் நவம்பர் 2 என்பதால் பலரும் மழைக்காலத்தில்தான் திரியைத் தேடி ஓடுகிறோம். கோடையிலேயே பின்னி, ஊறவைத்து, காயவைத்து டப்பாவில் மூடி வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம்.

படி 4: திரிக்கு மெழுகேற்றுவது

காய்ந்த திரியை உருகிய மெழுகில் முக்கி எடுக்க வேண்டும். முக்கியதும் குமிழ்கள் வரும். அது நூலுக்குள் இருந்த காற்று. குமிழ் நின்ற பிறகே வெளியே எடுத்து, இரு முனையையும் பிடித்து நேராக இழுத்து, தாளில் போட்டு ஆறவிடுங்கள்.

இது எதற்கு? முதல் முறை பற்றவைக்கும்போது கீழிருந்து மெழுகு ஏறி வரக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை எரியத் திரியிலேயே எரிபொருள் இருக்க வேண்டும். குடியாத்தம் தீப்பெட்டித் தொழிலுக்குப் பேர்போன ஊர். அங்கே குச்சிக்கு மருந்து வைப்பதற்கு முன் குச்சியின் முனையில் மெழுகேற்றுவதும் இதே நோக்கத்துக்குத்தான்: மருந்து பற்றியதும் நெருப்பு மரத்துக்குத் தாவ நடுவில் மெழுகு வேண்டும்.

மெழுகை எப்போதும் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த பாத்திரத்தில்தான் உருக்க வேண்டும். நேரடி அடுப்பில் வேண்டாம். கடையில் கிடைக்கும் சாதாரண மெழுகான பாரஃபின் 200 டிகிரி செல்சியஸ் அருகே போனால் அதன் ஆவி பற்றிக்கொள்ளும். தண்ணீர்ப் பாத்திரம் 100 டிகிரியைத் தாண்ட விடாது. தப்பித்தவறிப் பற்றிக்கொண்டால் அடுப்பை நிறுத்தி மூடி போட்டு மூடுங்கள். தண்ணீர் ஊற்றினால் எரியும் மெழுகு வெடித்துத் தெறிக்கும்.

படி 5: எவ்வளவு பருமன்?

நேர்மையான பதில்: ஊற்றி எரித்துப் பார்த்துத்தான் சொல்ல முடியும். திரி விற்கிறவர்கள் எண் போட்டு விற்பார்கள், அட்டவணையும் தருவார்கள். ஒரு கம்பெனியின் எண்ணும் இன்னொரு கம்பெனியின் எண்ணும் ஒன்றல்ல. அட்டவணை தொடங்குவதற்குப் பயன்படும், முடிவெடுக்க உதவாது.

திரியைத் தீர்மானிப்பது முதலில் மெழுகுவர்த்தியின் குறுக்களவு. உயரத்துக்கு இதில் வேலை இல்லை. அரையடி மெழுகுவர்த்திக்கும் ஓரடி மெழுகுவர்த்திக்கும் குறுக்களவு ஒன்றானால் திரியும் ஒன்றுதான்.

அடுத்தது மெழுகு. நம் கடைகளில் கட்டியாக வருகிற சுத்திகரித்த பாரஃபினில் 58 - 60 என்று போட்டிருக்கும். அது உருகும் வெப்பநிலை. தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி வரை. உருகிய பிறகும் அது குழகுழவென்றிருக்கும், நூலில் ஏறச் சோம்பும். அதற்குத் தடித்த சதுரப் பின்னல் வேண்டும். ஜாரில் ஊற்றும் சோயா மெழுகு குறைந்த சூட்டிலேயே இளகினாலும் ஆவியாக மெனக்கெட வைக்கும். பாரஃபினுக்குப் பொருந்திய திரியை அப்படியே சோயாவுக்குப் போட்டால் பெரும்பாலும் சுடர் சுருங்கிவிடும்.

மூன்றாவது, மெழுகில் கலக்கும் சங்கதிகள். வாசனை எண்ணெய் கூடக்கூடத் திரி திணறும். சாயம் மெழுகில் கரைகிறதாக இருக்க வேண்டும். குழந்தைகளின் கிரேயானை உருக்கிக் கலர் கொடுக்கிற வழக்கம் பரவலாக இருக்கிறது. கிரேயானில் இருப்பது கரையாத நிறத்தூள். அது மெழுகோடு ஏறி நூலின் சந்துகளை அடைத்துவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், அரை மணியில் சுடர் செத்துவிடும். கல்லறைத் தோட்டத்தில் பிள்ளைகள் திரட்டிக்கொண்டு வருகிற பழைய மெழுகிலும் கருகிய திரித்துண்டு, தீக்குச்சி, மண் எல்லாம் கலந்திருக்கும். உருக்கி, மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டாமல் மறுபடி ஊற்றாதீர்கள்.

படி 6: அச்சில் திரியை நிறுத்துவது

திரி நட்டநடுவில், விறைப்பாக நிற்க வேண்டும். கால் விரற்கடை விலகினாலும் ஒரு பக்க விளிம்பு முதலில் உருகி உடையும். ஜாராக இருந்தால் திரியின் அடியில் சிறு தகரத்தட்டு வைத்து ஒட்டுவார்கள். தட்டில் நிமிர்ந்திருக்கும் கழுத்து அழகுக்கு இல்லை. மெழுகு அந்தக் கழுத்து அளவுக்கு இறங்கியதும் திரிக்கு மெழுகு கிடைக்காமல் சுடர் தானே அணையும். கண்ணாடி அடிப்பாகம் சூடேறி வெடிக்காமல் இருக்க அந்த ஏற்பாடு. கடைசியில் மிஞ்சுகிற மெழுகை வீணென்று நினைக்க வேண்டாம்.

பாரஃபின் ஆறும்போது நன்றாகச் சுருங்கும். வெளிப்பக்கம் முதலில் இறுகுவதால் சுருக்கம் எல்லாம் நடுவில், திரியைச் சுற்றியே வந்து சேரும். மேலே ஒரு குழி தெரியும், உள்ளே கண்ணுக்குத் தெரியாத பொந்தும் இருக்கும். எரிகிற சுடர் அந்தப் பொந்துக்கு வந்ததும் தேங்கிய மெழுகெல்லாம் அதற்குள் இறங்கிவிடும், திரி பட்டினி கிடக்கும். ஊற்றி மேலே ஆடை படிந்ததும் திரிக்குப் பக்கத்தில் நீளக் கம்பியால் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, மிச்ச மெழுகைச் சூடாக ஊற்றி நிரப்புங்கள். பாதியில் அணைகிற மெழுகுவர்த்திகளில் பலவற்றுக்கு இந்த ஒரு வேலையைச் செய்யாததுதான் காரணம்.

படி 7: எரித்துப் பார்ப்பது

ஒரே மெழுகு, ஒரே அச்சு, மூன்று பருமனில் திரி. மூன்று மெழுகுவர்த்தி ஊற்றி, ஒரு நாள் முழுக்க ஆறவிட்டு, காற்றோட்டம் சீறாத அறையில் ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக ஏற்றுங்கள். திரியின் நீளம் மூன்றிலும் ஆறு மில்லிமீட்டர் இருக்கட்டும். மணிக்கு ஒரு தடவை குறித்து வையுங்கள்.

பார்க்க வேண்டியது உருகிய குளத்தின் அகலம். குறுக்களவு ஒரு அங்குலத்துக்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. மூன்று அங்குலத் தூண் மெழுகுவர்த்தியில் மூன்று மணி நேரத்தில் குளம் ஓரத்தை நெருங்கியிருக்க வேண்டும். அதற்கு முன்பே ஓரத்தைத் தொட்டு ஆழமாகிக்கொண்டே போனால் திரி பெரிது. மூன்று மணி கழிந்தும் நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவில் குழி தோண்டிக்கொண்டிருந்தால் திரி சிறிது. நான்கு மணி நேரத்துக்கு மேல் ஒரே மூச்சில் எரிக்காமல் அணைத்து, ஆறவிட்டு, மறுநாள் மீண்டும் ஏற்றுங்கள். முதல் நாள் நல்லபிள்ளையாக எரிந்துவிட்டு மூன்றாம் நாள் வாலாட்டுகிற திரிகள் உண்டு.

புகையைச் சோதிக்கச் சுடரின் நுனிக்கு ஒரு கையகலம் மேலே எவர்சில்வர் கரண்டியைச் சில விநாடி பிடியுங்கள். மஞ்சள் சுடருக்குள்ளேயே நுழைத்தால் எந்த மெழுகுவர்த்தியும் கரி பூசும். அந்த மஞ்சள் வெளிச்சமே கனன்று ஒளிரும் கரித்துகள்தான். மேலே பிடித்தும் கறுத்தால் கரி எரிந்து தீராமல் வெளியேறுகிறது என்று அர்த்தம்.

இதில் வேலூர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் வேலை இருக்கிறது. அக்னி நட்சத்திரத்தில் நம் வீட்டு அறை நாற்பது டிகிரியைத் தொடும். மெழுகு உருகுவதற்கு இன்னும் இருபது டிகிரிதான் பாக்கி. மார்கழியில் கச்சிதமாக எரிந்த திரி வைகாசியில் அதே மெழுகை வாரி உருக்கி ஒழுகவிடும். விற்பனைக்குச் செய்கிறவர்கள் இரண்டு பருவத்திலும் சோதித்துவிட்டு, கோடைக்கு ஒரு படி மெல்லிய திரி போடுவது நல்லது. கொழுப்பிலிருந்து எடுக்கிற ஸ்டியரிக் அமிலம் கொஞ்சம் சேர்த்தால் மெழுகு விறைப்பாகும், சரக்கு வளையாது.

படி 8: சுடரைப் பார்த்து நோயைக் கண்டுபிடிப்பது

திரி நுனியில் காளான் போலக் கரி திரண்டால், உறிஞ்சி வரும் மெழுகு எரிந்து தீரவில்லை. திரி பருமனாக இருக்கலாம், நீளமாக இருக்கலாம், வாசனை எண்ணெய் கூடியிருக்கலாம். அணைத்து, ஆறியதும் ஆறு மில்லிமீட்டருக்கு வெட்டி ஏற்றிப் பாருங்கள். வெட்டியும் மறுபடி மறுபடி காளான் பூத்தால் திரியைத்தான் மாற்ற வேண்டும். வெட்டிய கரித்துண்டு மெழுகில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விழுந்தால் அது இரண்டாவது திரியாக எரியத் தொடங்கும்.

நடுவில் மட்டும் கிணறு தோண்டினால் திரி சிறிது என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் ஏற்றுகிறவர். புது மெழுகுவர்த்தியை முதல் முறை அரை மணி மட்டும் எரித்து அணைத்தால், உருகி இறுகிய அந்தச் சின்ன வட்டம் அடுத்த முறையும் முதலில் இளகும். பிறகு அந்த வட்டத்துக்குள்ளேயே இறங்கிக்கொண்டு போகும். தடித்த மெழுகுவர்த்தியை முதல் தடவை ஓரம் வரை உருகவிடுங்கள். ஏற்கெனவே கிணறு விழுந்ததைக் காப்பாற்ற, மேலே அலுமினியத் தாளைச் சுற்றி நடுவில் திறப்பு விட்டு ஒரு மணி எரித்தால் ஓரமெழுகு இளகி மட்டமாகும்.

சுடர் பட்டாணி அளவுக்குச் சுருங்கித் தத்தளித்தால் திரி மூழ்குகிறது. அணைத்து, உருகியதில் கொஞ்சத்தைப் பஞ்சால் ஒற்றியெடுத்துவிட்டு ஏற்றுங்கள்.

சுடர் ஆடிக்கொண்டே இருந்தால் காற்றைச் சந்தேகியுங்கள். முன்பெல்லாம் கரண்ட் போனால்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவோம், மின்விசிறியும் நின்றிருக்கும். இன்வெர்ட்டர் வந்தபின் விசிறிக்கு அடியிலேயே மேசையில் வாசனை மெழுகுவர்த்தி வைக்கிறார்கள். எந்தத் திரியும் அதைத் தாங்காது.

கல்லறைத் தோட்டம் தனிக் கதை. நவம்பர் காற்றில் சுடர் ஒரு பக்கம் சாயும், அந்தப் பக்க விளிம்பு உருகி உடையும், தேங்கிய மெழுகு முழுக்க வழிந்துவிடும். எரிபொருள் இல்லாத திரி தன்னையே எரித்துக்கொண்டு குட்டையாகி அணையும். தடித்த திரி போட்டால் காற்றைக் கொஞ்சம் எதிர்க்கும், அதே அளவு வேகமாக ஒழுகவும் செய்யும். அதைவிட, மெல்லிய மெழுகுவர்த்தியை விட்டுவிட்டு ஆழமான மண்சட்டியில் மெழுகை ஊற்றித் தடித்த திரி வையுங்கள். விளிம்பு உடையும் பேச்சே இல்லை, சட்டியின் சுவரே காற்றை மறைக்கும். கண்ணாடிக் கூண்டு வைப்பதானால் அடியில் காற்று நுழையச் சந்து வேண்டும்.

படி 9: அணைப்பது

ஊதினால் திரி கனன்று புகையும், சூடான மெழுகும் தெறிக்கும். முனை வளைத்த கம்பியால் எரிகிற திரியை உருகிய மெழுகுக்குள் சாய்த்து, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகை வராது, திரியும் மெழுகேறி அடுத்த முறைக்குத் தயாராக நிற்கும். மெழுகு இளகியிருக்கும்போதே திரியை நடுவுக்குத் தள்ளி நேராக்கிவிடுங்கள். இறுகிய பிறகு தொட்டால் உடையும்.